மண்ணின் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்

பெங்களூரு நகரின் கிழக்கே அமைந்துள்ள வைட்ஃபீல்ட், இன்று கண்ணாடிச் சுவர் பதித்த அலுவலகங்களும் விண்ணை முட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதியாக விளங்குகிறது. 1882ஆம் ஆண்டளவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் குடியேற்றமாக இவ்வூர் தோன்றியபோது, தோட்டங்கள் சூழ்ந்த ஓட்டு வீடுகளே இங்கு எழுந்தன. அவ்வகையில் ஒரு சில வீடுகள் இன்னர் சர்க்கிள் என்னும் வட்டச் சாலையை ஒட்டி இன்றும் எஞ்சியுள்ளன. பழைய வீடொன்று இடிக்கப்படும்போது அதன் ஓடுகளும் கதவு நிலைகளும் செங்கற்களும் லாரிகளில் ஏற்றப்பட்டு எங்கோ கொண்டு செல்லப்படுகின்றன. அந்த இடத்தில் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் புதிய கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டுகின்றனர்.

இடிபாடு என்று பிறர் ஒதுக்கிய பொருள்களைத் தேடிச் சென்று எடுத்து வந்து, காலடியில் கிடந்த மண்ணையும் கல்லையும் சேர்த்து, கொத்தனார்களோடு தாமும் ஒருவராக நின்று வீடு கட்டிய கட்டடக் கலைஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் லாரி பேக்கர். இங்கு லாரி என்பது சரக்கு வண்டியைக் குறிக்கவில்லை. லாரன்ஸ் என்னும் ஆங்கிலப் பெயரின் செல்லச் சுருக்கம் அது.

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்று 1937இல் பட்டம் பெற்றார். இளமையிலேயே அவர் குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியைப் பின்பற்றத் தொடங்கினார். குவேக்கர்கள் எளிய வாழ்வைப் போற்றுபவர்கள். எக்காரணம் கொண்டும் போரில் ஆயுதம் ஏந்தக் கூடாது என்னும் கொள்கையினர். எனவே இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பேக்கர் படையில் சேரவில்லை. காயமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் உதவும் குவேக்கர் மருத்துவத் தொண்டர் குழுவில் சேர்ந்து சீன நாட்டிற்குச் சென்றார். வரைபடத் தாளும் அளவுகோலும் பிடித்த கைகள் அங்கே தொழுநோயாளிகளின் புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டன.

சில ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காக அவர் பம்பாயில் ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருக்க நேர்ந்தது. அங்கு நண்பர் ஒருவர் வாயிலாகக் காந்தியடிகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. பேக்கர் அப்போது அணிந்திருந்த காலணிகள் காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தன. அவை வீணான துணித் துண்டுகளைக் கொண்டு பேக்கர் தம் கையாலேயே தைத்தவை. கழிவுத் துணியைக் காலணியாக்கத் தெரிந்த அந்த இளைஞரின் திறமை இந்தியச் சிற்றூர்களுக்குத் தேவை என்று காந்தியடிகள் கருதினார். நல்ல வீடு என்பது அது எழும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்றும் அவர் பேக்கரிடம் எடுத்துரைத்தார். கட்டடக் கல்லூரியில் எந்த ஆசிரியரும் கற்பிக்காத பாடம் அது. பேக்கர் அதைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1945ஆம் ஆண்டு பேக்கர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். இம்முறை தொழுநோயாளர் நலனுக்காகப் பணியாற்றிய அமைப்பொன்றின் கட்டடக் கலைஞராக வந்தார். தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த பழைய காப்பகங்களை, நோயைக் குணப்படுத்தும் மருத்துவமனைகளாக மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. அந்தப் பணிக்காக அவர் பல ஊர்களுக்குப் பயணம் செய்தார். ஃபைசாபாத் நகரில் மருத்துவர் சாண்டி என்பவரின் வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய சகோதரியும் மருத்துவருமான எலிசபெத் ஜேக்கப் என்னும் கேரளப் பெண்மணியின் நட்புக் கிடைத்தது. ஆங்கிலேயர் ஒருவரும் மலையாளப் பெண் ஒருவரும் மணம் புரிவதற்கு இரு தரப்பாரிடமும் தயக்கம் இருந்தது. இருவரும் பொறுமையாகக் காத்திருந்து 1948இல் திருமணம் செய்துகொண்டனர்.

மணமக்கள் இமயமலையின் குமாவுன் பகுதியிலுள்ள பித்தோராகட் என்னும் ஊருக்குச் சென்றனர். வந்திருப்பவர் மருத்துவர் என்று அறிந்ததும் மலைவாழ் மக்கள் நோயாளிகளோடு திரண்டு வந்தனர். சில நாள் தங்கிவிட்டுத் திரும்ப எண்ணியவர்கள், மக்களின் நிலை கண்டு அங்கேயே தங்கிவிட்டனர். மருத்துவமனை, பள்ளி, வீடு என ஒவ்வொன்றாகக் கட்டி, ஏறத்தாழ 16 ஆண்டுகள் அம்மலையில் வாழ்ந்தனர்.

பேக்கரின் உண்மையான கல்வி அங்கேதான் தொடங்கியது எனலாம். அவர் இங்கிலாந்தில் கற்றவை இரும்பையும் சிமெண்டையும் இயந்திரங்களையும் பற்றியவை. மலையிலோ கல்லும் மண்ணும் மரமும் சாணமுமே கிடைத்தன. கனமழை, கரையான், நிலச்சரிவு ஆகியவற்றைப் பற்றி அவருடைய பாடநூல்கள் எதுவும் கூறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மக்களோ அவை அனைத்தையும் அறிந்திருந்தனர். எந்தச் சரிவில் வீடு கட்டினால் மண் நழுவாது, எந்தக் கல்லை எப்படி அடுக்கினால் சுவர் நிற்கும், குளிர்காற்று எத்திசையிலிருந்து வரும் என்பனவெல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் தங்கியிருந்த அறிவு. பட்டம் பெற்ற பேக்கர் அவர்களுக்கு மாணவரானார். படித்தவர் ஒருவருக்கு இது எளிய செயலன்று. தம் படிப்புப் பயன்படவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. அதனாலேயே பின்னாளில் நாடு போற்றும் நிலையை அவர் அடைந்தார்.

1963இல் அவர்கள் கேரளத்தின் வாகமண் மலைப்பகுதிக்கு இடம் பெயர்ந்தனர். அங்கும் மருத்துவப் பணியும் கட்டடப் பணியும் தொடர்ந்தன. பின்னர் 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறினர். அப்போது பேக்கரின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் பருவத்தில்தான் அவருடைய புகழ்பெற்ற பணிகள் தொடங்கின.

அக்காலத்தில் சிமெண்டு, இரும்பு ஆகியவற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. மழை ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பங்களுக்குச் செங்கல் வீடு என்பது கனவாகவே இருந்தது. திருவனந்தபுரத்தின் பேராயர் மார் கிரிகோரியோஸ், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடுகள் கட்டித் தருமாறு பேக்கரை அழைத்தார். அவர் கட்டிய வீடுகளைக் கண்ட கேரள முதலமைச்சர் அச்சுத மேனனும் அவரை ஊக்குவித்தார். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை உருவாக்கும் பொறுப்பை 1971இல் அவரிடம் ஒப்படைத்தார். (உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் இடத்தின் பெயர்.) சுமார் பத்து ஏக்கர் பரப்பிலான அவ்வளாகத்தில் நேர்க்கோட்டைக் காண்பது அரிது. மரங்களை வெட்டாமல் சுவர்களே வளைந்து வழி விட்டுச் செல்கின்றன. அந்த வளைவு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. ஒற்றைச் செங்கல் கனத்தில் நேராக எழுப்பிய நீண்ட சுவர் எளிதில் சாயும். அதையே பாம்பு போல் நெளிய விட்டால் உறுதியாக நிற்கும். ஒரு தாளை மேசை மீது நிமிர்த்தி நிறுத்த முயல்க, விழுந்துவிடும். அதையே அலை அலையாக மடித்து நிறுத்தினால் நிற்கும். பேக்கரின் சுவரும் அவ்வாறே நின்றது.

பேக்கர் பரப்பிய மற்றொரு முறை எலிப்பொறிக் கட்டு என்பதாகும். இதைப் புரிந்துகொள்ளச் சில தீப்பெட்டிகள் போதும். வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லை அதன் அகன்ற பக்கம் கீழே இருக்குமாறு படுக்க வைப்பார். எலிப்பொறிக் கட்டில் செங்கல் தன் நீண்ட விளிம்பின் மீது நிமிர்ந்து நிற்கும். இரண்டு தீப்பெட்டிகளை அவ்வாறு நிமிர்த்தி, நடுவில் இடைவெளி விட்டு இணையாக வைக்க வேண்டும். அவற்றின் முனையில் மூன்றாவது தீப்பெட்டியைக் குறுக்காக நிறுத்தி இரண்டையும் பிணைக்க வேண்டும். இவ்வாறே தொடர்ந்தால் சுவருக்குள் பெட்டி பெட்டியாக வெற்றிடங்கள் உருவாகும். எலியைப் பிடிக்கும் பொறியின் அறையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. ஒன்பது அங்குலச் சுவரின் கனம் குறையாது. செங்கற்களோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெளியிலுள்ள வெப்பத்தை எளிதில் வீட்டுக்குள் விடாது. அதாவது, ஒன்றுமில்லாத இடமே இங்கு ஒரு கட்டடப் பொருளாகிவிடுகிறது.

கூரையிலும் இதே சிந்தனையைக் காணலாம். கான்கிரீட் கூரையின் மேற்பகுதி பாரத்தால் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. நெருக்கத்தைத் தாங்கும் கான்கிரீட், இழுவையைத் தாங்காது; அந்த வேலையைக் கம்பிகளே செய்கின்றன. அப்படியானால் கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் விலைமிக்க கான்கிரீட்டை நிரப்புவது எதற்கு என்று பேக்கர் சிந்தித்தார். பழைய வீடுகளிலிருந்து கழற்றி எறியப்பட்ட மங்களூர் ஓடுகளை அவ்விடங்களில் பதித்தார். கூரையின் எடையும் செலவும் குறைந்தன. அண்ணாந்து பார்ப்போருக்குச் செந்நிற ஓடுகள் வரிசையாகத் தெரிந்தன. இந்த ஓடுகளின் பிறப்பிடம் கர்நாடகம் என்பது வைட்ஃபீல்ட் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. 1865ஆம் ஆண்டு மங்களூரில் பாசல் மிஷன் அமைப்பினர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்தே அவை தென்னிந்தியா முழுவதும் பரவின.

பேக்கர் பழைய பொருள் கடைகளில் மணிக்கணக்கில் தேடுவார். இடித்த வீடுகளின் கதவுகள், நிலைகள், சன்னல்கள், உடைந்த தரை ஓடுகள், வண்ணக் கண்ணாடிப் புட்டிகள் என எதையும் அவர் குப்பையாகக் கருதவில்லை. அவர் கட்டிய சித்ரலேகா என்னும் திரைப்படக் கூட்டுறவு நிறுவனத்தின் வாயிலில், நுண்ணிய மரச் செதுக்கு வேலைப்பாடு காண்போரை வியக்க வைத்தது. அது இவ்வாறு பழைய பொருள்களிடையே கிடைத்த புதையல்தான். புட்டிகளைச் சுவரில் பதித்தால் பகலொளி பச்சையாகவும் நீலமாகவும் அறைக்குள் இறங்கும். உடைந்த ஓட்டுத் துண்டுகள் தரையில் கோலமாக மாறும். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடை போன்ற சுவர் எழுப்பினால், சன்னலுக்கான மரமும் கம்பியும் கண்ணாடியும் தேவைப்படா. காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும்.

நாலாஞ்சிறை என்னுமிடத்தில், நீர்வளம் குறைந்த பாறைச் சரிவொன்றில் அவர் தம் சொந்த வீட்டை அமைத்தார். ஹேம்லெட், அதாவது சிற்றூர், என்பது அதன் பெயர். முதலில் சிறிய குடிலாகத் தொடங்கிய அவ்வீடு, தேவைக்கேற்ப ஓர் அறை, பின் மற்றோர் அறை என்று பல ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே இருந்தது. பாறையை வெடி வைத்துத் தகர்க்காமல் பாறையின் போக்கிலேயே படிகளும் அறைகளும் அமைந்தன.

கட்டடப் பணியிடத்தில் பேக்கரைத் தேடி வருவோர் அவரை எளிதில் அடையாளம் காண இயலாது. குளிரூட்டிய அறையில் அமர்ந்து வரைபடம் தயாரித்து அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. வந்த கடிதங்களின் உறைகளைப் பிரித்து, அவற்றின் வெற்றுப் பக்கத்தில் படம் வரைவார். அதைக் கொத்தனார்களிடம் காட்டிப் பேசுவார். மண்ணின் தன்மையும் மரத்தின் நிழலும் வேறொன்றைச் சொன்னால் அங்கேயே படத்தை மாற்றுவார். கரணையையும் தூக்குக்குண்டையும் பிடித்துச் செய்து காட்டவும் தயங்க மாட்டார். இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாமல் தொழிலாளர்களைத் தாமே அமர்த்தி வேலை வாங்கினார். சுவருக்குப் பூச்சு இல்லாததால் ஒவ்வொரு செங்கல்லும் வெளியே தெரியும். வரிசை கோணினால் மறைக்க வழியில்லை. ஆகவே கொத்தனாரின் கைத்திறனே கட்டடத்தின் அழகாயிற்று. பூசி மறைக்கப்படும் சுவரை எழுப்புபவரின் திறமையும் அச்சுவரோடு மறைந்து போகிறது. பேக்கரின் கட்டடத்திலோ, இந்தச் சுவர் என் கையால் எழுந்தது என்று ஒரு தொழிலாளி தம் மகளை அழைத்து வந்து காட்ட முடியும். செலவுக் குறைப்பைவிட இதுவே அவருடைய பெரிய கொடை என்று கூறலாம்.

அவர் வழி எதிர்ப்பின்றி அமைந்ததாக எண்ணிவிடக் கூடாது. பூச்சில்லாத சுவரும் மெல்லிய கூரையும் எத்தனை நாள் நிற்கும் என்று பொறியாளர் பலர் ஐயுற்றனர். ஏழை மக்களிலேயே சிலர், சிமெண்டு பூசாத வீடு மதிப்புக் குறைந்தது என்று கருதினர். இந்த மனக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பிறரைப் போன்ற வீடு தமக்கும் வேண்டும் என்று ஏழைகள் விரும்புவது இயல்பே. எலிப்பொறிக் கட்டைப் பயிற்சியில்லாத கையால் கட்டினால் சுவர் கெடும் என்பதும் உண்மை. பேக்கர் இவற்றிற்கு நீண்ட விவாதங்களால் விடையளிக்கவில்லை. கட்டடங்களை எழுப்பினார், ஆண்டுதோறும் கேரளத்தின் பெருமழை அவற்றைச் சோதித்தது. மேலும், பணக்காரர்களுக்கு ஒருவகை வீடு, ஏழைகளுக்கு வேறுவகை வீடு என்று அவர் பிரிக்கவில்லை. ஆய்வு மையத்திற்கும் தேவாலயத்திற்கும் தம் சொந்த வீட்டிற்கும் அதே பூச்சில்லாச் செங்கல்லையே பயன்படுத்தினார்.

1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ் ஆகியோருடன் இணைந்து காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பைப் பேக்கர் தொடங்கினார். தொழிலாளர்களுக்கும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கும் இம்முறைகளைக் கற்பித்து, மக்களுக்குச் சிக்கனமான வீடுகளைக் கட்டித் தருவது அதன் நோக்கம். தாம் அறிந்த நுட்பங்களைப் பேக்கர் மறைத்து வைக்கவில்லை. கேலிச்சித்திரங்கள் நிறைந்த சிறு நூல்களாக எழுதி, யாரும் படித்துத் தாமே வீடு கட்டிக்கொள்ளுமாறு வெளியிட்டார். பூந்துறை மீனவர்களுக்காக அவர் அமைத்த வீடுகள் ஒரே வரிசையில் அணிவகுத்து நிற்காமல் முன்னும் பின்னுமாக அமைந்தன. ஒவ்வொரு வீட்டிற்கும் கடற்காற்று வர வேண்டும். வலையை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் முன்னால் இடம் வேண்டும் என்பதே காரணம். திருவனந்தபுரம் பேருந்து நிலையத்தின் அருகே செந்நிறக் கோபுரமாகச் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுசும் அவர் படைப்பே. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் அந்த உணவகத்தில் மாடிப்படிகள் இல்லை. சுழன்று ஏறும் சாய்தளத்தின் ஓரமாகவே மேசைகள் அமைந்துள்ளன.

இதே காலத்தில் பெங்களூருவிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. கே. என். ரெட்டியின் முயற்சியால் 1974இல் அஸ்த்ரா என்னும் பிரிவு தோன்றியது. சிற்றூர்களுக்கு உதவும் தொழில்நுட்பத்தை உருவாக்குவது அதன் பணி. பேராசிரியர் கே. எஸ். ஜகதீஷ் முதலானோர் மண்ணோடு சிறிதளவு சிமெண்டைக் கலந்து, கையால் இயக்கும் பொறியில் அழுத்திக் கற்களைச் செய்யும் முறையை அங்கு ஆராய்ந்து மேம்படுத்தினர். இக்கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை. எனவே விறகும் நிலக்கரியும் மிச்சமாகின்றன. அடித்தளம் தோண்டும்போது கிடைத்த மண்ணைக் கொண்டே சுவர் எழுப்பிய வீடுகளை இந்நகரில் இன்றும் காணலாம்.

தமிழ்நாட்டிலும் பேக்கரின் பணியைக் காண முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் பண்பாட்டு அருங்காட்சியகம் உள்ளது. அதன் அமைப்பையும் பொதுக் கட்டடங்களையும் உருவாக்குவதில் பேக்கர் முதுமையிலும் பங்கு கொண்டார். அவருடைய மாணவரான பென்னி குரியகோஸ் அப்பணியைத் தொடர்ந்தார். அங்குள்ள வீடுகள் பல புதியவை அல்ல. இடிபட இருந்த செட்டிநாட்டு வணிகர் வீடு போன்றவற்றை விலைக்கு வாங்கி, தூணையும் உத்தரத்தையும் கதவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி வந்து, மரபுவழிக் கைவினைஞர்களைக் கொண்டு மீண்டும் நிறுத்தியுள்ளனர். கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் வீடுகளும் அங்கே இடம்பெற்றுள்ளன. கோடை விடுமுறையில் சென்னைப் பக்கம் செல்லும் மாணவர்கள் அங்கு சென்று, தமிழ்நாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றுவிட்டு, சற்றுத் தொலைவு நடந்து கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டிற்குள்ளும் நுழைந்து வரலாம்.

பேக்கர் தம் வாழ்வின் பெரும்பகுதியை இந்தியாவிலேயே கழித்து, விரும்பி முயன்று இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் 90ஆம் வயதில், தாம் கட்டிய ஹேம்லெட் இல்லத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அவர் பெயரால் ஒரு பயிற்சி மையம் இயங்கி வருகிறது. கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கு வருகின்றனர். அவர்களுக்கு மண் பிசையவும் சாந்து கலக்கவும் எலிப்பொறிக் கட்டில் செங்கல் வைக்கவும் கற்றுக் கொடுப்பவர்களுள் அனுபவம் மிக்க கொத்தனார்களும் உள்ளனர்.